ரிதம் பேடுக்கும் டிரம் மெஷினுக்கும் டிஸ்டார்ஷன் பெடல்: நீலகிரியில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

குன்னூரிலும் கோத்தகிரியிலும் உதகையிலும், சுற்றியுள்ள ஹட்டிகள் எனும் படுகர் ஊர்களிலும் எஸ்டேட் குடியிருப்புகளிலும் இன்று தட்டி வாசிக்கும் ரிதம் பேடோ தானே தாளம் ஓட்டும் சிறிய டிரம் மெஷினோ வைத்துக்கொண்டு வீட்டிலேயே தாளம் அமைக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றுதான்: ஹெட்ஃபோனில் நெஞ்சைத் தட்டுவதுபோல் கேட்ட கிக் (பெரிய டிரம்மின் கனத்த அடி), அதே பாட்டைக் கைப்பேசியிலோ மினி பஸ்ஸின் ஸ்பீக்கரிலோ போட்டால் காணாமல் போய்விடுகிறது. காரணம் எளிது. கிக்கின் அடித்தளம் பெரும்பாலும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது; உள்ளங்கை அகலமே உள்ள ஸ்பீக்கரால் அந்த அதிர்வெண்ணைத் தர இயலாது. ஆனால் அந்த 50 ஹெர்ட்ஸுக்கு மேலே 100, 150, 200, 250 என்று அதன் மடங்குகளில் மேற்சுரங்கள் இருந்தால், அடித்தளம் ஒலிக்காவிட்டாலும் அது ஒலிப்பதாகவே நம் செவி உணர்ந்துகொள்ளும். கிட்டார் கலைஞர்கள் காலால் மிதித்து ஒலியைக் கரகரப்பாக்கும் சிறு பெட்டியான டிஸ்டார்ஷன் பெடலின் முதற்பயன், அந்த மேற்சுரங்களை உண்டாக்கித் தருவதுதான். இரைச்சலுக்காக மட்டுமே அதை வாங்குகிறவர்கள் அதன் பாதிப் பலனை விட்டுவிடுகிறார்கள்.

இக்கட்டுரை முழுவதும் நான் வலியுறுத்தப் போவது இதைத்தான்: தூய ஒலியை ஒருபோதும் கைவிடாமல், பெடல் சிதைத்துத் தரும் உடைத்த ஒலியை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே உரப்பில் ஒப்பிட்டுப் பார்த்து, தேவையான அளவு மட்டும் சேர்க்க வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன

கவாத்துக் கத்தி தேயிலைச் செடியின் மேல்மட்டத்தைச் சீராக வெட்டித் தள்ளுவதுபோல, பெடலில் உள்ள டையோடுகள் ஒலி அலையின் உச்சிகளை ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் வெட்டிவிடுகின்றன. சாதாரண சிலிக்கன் டையோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் வெட்டத் தொடங்கும். மேலும் கீழும் சமமாக வெட்டினால் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே கூடுகின்றன. ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வெட்டினால் இரட்டைப்படை மடங்குகளும் சேர்ந்து, ஒலி சற்றுக் கனிவாகக் கேட்கிறது. பாஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட எஸ்டி-1 இவ்வாறு சமனற்று வெட்டும் வகை. அதே நிறுவனத்தின் 1978ஆம் ஆண்டு டிஎஸ்-1 உச்சிகளை நேராக வெட்டித் தள்ளும் வகை என்பதால் அதன் குரல் முரடானது. பொதுவாக, மெல்ல வளைத்து வெட்டுவதை ஓவர்டிரைவ் என்றும், கூர்மையாக வெட்டுவதை டிஸ்டார்ஷன் என்றும், அலையைக் கிட்டத்தட்டச் சதுரமாகவே ஆக்கிவிடுவதை ஃபஸ் என்றும் இசைக்கலைஞர்கள் அழைக்கிறார்கள். எல்லைகள் கறாரானவை அல்ல. பெயரைவிடக் காதையே நம்புங்கள்.

தேவையான பொருட்கள்

தாளக் கருவி ஒன்று, பெடல் ஒன்று, துணை அனுப்பு வசதி உள்ள சிறிய அனலாக் மிக்ஸர் ஒன்று, கால் அங்குல மோனோ கேபிள்கள் நான்கைந்து, நல்ல 9 வோல்ட் அடாப்டர் ஒன்று. துணை அனுப்பு என்பது மிக்ஸரில் ஆக்ஸ் என்றோ எஃப்எக்ஸ் என்றோ குறிக்கப்பட்டிருக்கும் குமிழும், அதற்குரிய வெளியேறும் துளையும்தான். பெடலைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கிட்டார் வாசிக்கும் நண்பரிடம் சும்மா கிடக்கும் எந்த ஓவர்டிரைவும் தொடக்கத்துக்குப் போதும்.

அடாப்டரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பெரும்பாலான பெடல்கள் நடு முள் எதிர்மின்முனையாக உள்ள 9 வோல்ட் அடாப்டரைக் கேட்பவை. வீட்டில் இருக்கும் ரௌட்டர் அடாப்டரோ விளையாட்டுப் பொருளின் அடாப்டரோ நடு முள் நேர்மின்முனையாக இருக்கக்கூடும். மாற்றிச் செருகினால் பெடல் கெட்டுப்போக இடமுண்டு. அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் சிறு வட்டப் படத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகே செருகுங்கள்.

முதல் படி: ஒரே ஒரு குரலைப் பிரித்தெடுத்தல்

கிக், ஸ்னேர் (சிறு டிரம்மின் சுரீர் ஒலி), ஹை-ஹேட் (இரட்டைத் தட்டுச் சிம்பலின் ஒலி) ஆகிய குரல்கள் அனைத்தையும் ஒன்றாக ஒரே பெடலுக்குள் அனுப்புவதே புதியவர்கள் முதலில் செய்வது. அப்போது கிக் விழும் ஒவ்வொரு முறையும் வெட்டும் எல்லை முழுவதையும் அதுவே நிரப்பிவிடுவதால், அதே கணத்தில் ஒலிக்கும் ஹை-ஹேட் அமுங்கிப்போகிறது. அதோடு, இரண்டு ஒலிகள் ஒரே நேரத்தில் வெட்டப்படும்போது அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. அவை எந்தச் சுருதியோடும் சேராதவை. இந்தக் கலங்கலையே விரும்பிச் செய்யும் இசை வகைகளும் உண்டு. கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒவ்வொரு குரலாகப் பிரித்து அனுப்புவதே சரியான வழி.

ரோலண்டின் டிஆர்-808, டிஆர்-909 போன்ற பழைய மெஷின்களில் ஒவ்வொரு குரலுக்கும் தனி வெளியேற்றம் இருந்தது. எஸ்பிடி-எஸ்எக்ஸ் பேடில் முதன்மை வெளியேற்றத்தோடு துணை வெளியேற்றமும் உண்டு. கிக் இருக்கும் பேடை மட்டும் அதற்குத் திருப்பிவிடலாம். நம் மெல்லிசைக் குழுக்களில் மிகுதியாகப் புழங்கும் எஸ்பிடி-20 போன்ற ஆக்டோபேடுகளில் இடது, வலது என்ற இரண்டு துளைகள் மட்டுமே உள்ளன. அங்கே செய்ய வேண்டியது இது: கிக்கின் பேன் அமைப்பை (ஒலி இடதா வலதா என்று தீர்மானிப்பது) முழு இடதுக்கும், மற்ற எல்லாப் பேடுகளையும் முழு வலதுக்கும் தள்ளுங்கள். இரண்டு துளைகளிலும் கேபிளைச் செருகுங்கள். இடதில் மட்டும் செருகினால் பல கருவிகள் இரு பக்கத்தையும் கலந்து மோனோவாகத் தந்துவிடும். பேடுக்குள் இருக்கும் ரிவர்பை (பெரிய அறையில் ஒலிப்பது போன்ற விளைவை) அணைத்துவிடுங்கள், ஏனெனில் அது இரு பக்கமும் கசியும். இப்போது இடது துளையில் கிக் மட்டும் தனியாக வரும்.

இரண்டாம் படி: அளவைக் குறைத்து அனுப்புதல்

கிட்டார் தரும் மின்னழுத்தம் சிறியது. பெடல்கள் அதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. தாளக் கருவியின் வெளியேற்றமோ லைன் அளவில், அதாவது மிக்ஸருக்கு ஏற்ற உயர்ந்த அளவில் வருவது. தொழில்முறைக் கருவிகளில் அதன் அடிப்படை அளவு 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளில் ஏறத்தாழ 0.3 வோல்ட். கிக்கின் தொடக்கத் தட்டல் இந்தச் சராசரியைவிடப் பல மடங்கு உயரே பாயக்கூடியது. 9 வோல்ட்டில் இயங்கும் பெடலுக்குள் அலை மேலே நாலரை, கீழே நாலரை வோல்ட்டுக்கு மேல் அசையவே முடியாது. நடைமுறையில் இன்னும் குறைவு. ஆகவே மெஷினின் ஒலி அளவை முழுதாகத் திறந்து அனுப்பினால், உடைப்பின் அளவைக் கூட்டும் டிரைவ் குமிழைத் தொடுவதற்கு முன்பே பெடலின் நுழைவுப் பகுதி தானாக வெட்டத் தொடங்கிவிடும். அந்த வெட்டு அழகற்றது. பெடலின் எந்தக் குமிழாலும் அதைக் குறைக்க முடியாது.

எனவே மெஷினின் ஒலி அளவைக் கால் பங்கில் வையுங்கள். பெடலின் டிரைவைப் பூஜ்யத்திலும், ஒலியின் கூர்மையை மாற்றும் டோனை நடுவிலும், வெளிவரும் அளவை மாற்றும் லெவலை நடுவிலும் வைத்து, கிக்கை மட்டும் நிதானமான வேகத்தில் ஓடவிடுங்கள். ஒலி சுத்தமாக வருகிறதா என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகே டிரைவை மெல்லத் திருப்புங்கள். ஒலி கரகரக்கத் தொடங்கும் இடத்தை நினைவில் வையுங்கள். பெரும்பாலான நல்ல அமைப்புகள் அந்த இடத்தின் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கும்.

மூன்றாம் படி: உரப்பைச் சமன்செய்து கேட்டல்

இதைத் தவிர்ப்பவர்கள் பெடலைப் பற்றி எடுக்கும் முடிவு எதுவும் நம்பத்தக்கதாக இருக்காது என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஒலியைச் சற்று உரக்கக் கேட்டால் அது நன்றாக இருப்பதாகவே செவிக்குத் தோன்றும். டிஸ்டார்ஷன் ஒலியின் சராசரி அளவைத் தானாகவே உயர்த்திவிடுகிறது. எனவே பெடலை மிதித்த உடனே பிரமாதம் என்று தோன்றுவதில் வியப்பில்லை. பெடலை மிதித்தும் விடுத்தும் மாறி மாறிக் கேட்டு, இரண்டு நிலையிலும் உரப்பு ஒன்றாக வரும்வரை லெவல் குமிழைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சமனான பிறகும் பெடல் ஒலி உங்களுக்குப் பிடித்திருந்தால் அது உண்மையான பிடிப்பு. டிரைவைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் செவி பழகுவது இதில்தான்.

நான்காம் படி: கிக்குக்கு ஏற்ற பெடலும் அமைப்பும்

கிக்குக்குக் கிட்டார் பெடல்கள் எல்லாம் ஒன்றுபோல் பொருந்தா. டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்களில் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் படிப்படியாகக் குறையுமாறு அமைத்திருக்கிறார்கள். கிட்டாரின் தடித்த நரம்புகள் குழம்பிப்போகாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. கிக்குக்கோ அது பாதகம்: நடுச்சுரங்கள் பெருகி அடித்தளம் மெலிந்து, பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்கும். ராட் வகைப் பெடலில் ஃபில்டர் என்ற குமிழ் வலப்புறம் திருப்பத் திருப்ப உயர் அதிர்வெண்களைக் குறைப்பது, அதாவது வழக்கமான டோன் குமிழுக்கு நேர்மாறானது. கிக்கின் மேல் படியும் சீறலை அடக்க அது மிகவும் உதவுகிறது. பிக் மஃப் ஒலியை நீட்டித்து நடுச்சுரங்களைப் பள்ளமாக்கும். தனியே கேட்கும்போது பிரம்மாண்டமாகவும், பாட்டுக்குள் வைத்தால் காணாமலும் போவது அதன் இயல்பு.

புதியவர் ஒருவர் கிக்குக்காக மட்டும் பெடல் வாங்குவதாக இருந்தால், பேஸ் கிட்டாருக்காகச் செய்த ஓவர்டிரைவை வாங்கச் சொல்வேன். அவை கீழ்ச்சுரங்களைக் காப்பாற்றுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. பாஸ் ஓடிபி-3 போன்றவற்றில் தூய ஒலியையும் உடைத்த ஒலியையும் கலக்கும் குமிழும் பெடலிலேயே உள்ளது.

கிக்கின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். வெட்டப்பட்ட ஒலியில் உச்சி தாழ்ந்து வால் உயர்வதால், 808 பாணியில் நீண்டு ஒலிக்கும் கிக் பெடலுக்குப் பின் இன்னும் நீண்டதாகக் கேட்டு, அடுத்த அடியோடு மோதும். மெஷினிலேயே டிகே (ஒலி தேய்ந்து மறைய எடுக்கும் நேரம்) அளவைக் குறைத்து, வழக்கத்தைவிடக் குட்டையான கிக்கை அனுப்புங்கள். பெடல் அதை வேண்டிய நீளத்துக்குக் கொண்டுவந்துவிடும். ராட்டர்டாமில் 1990களின் தொடக்கத்தில் வளர்ந்த காபர் என்ற அதிவேக நடன இசையின் அடையாளமான கிக், 909இன் கிக்கை இவ்வாறு கடுமையாக உடைத்து, வாலைச் சுருதியுள்ள ஓர் ஒலியாகவே மாற்றியதால் கிடைத்தது. அந்த எல்லைக்குப் போக விரும்புகிறவர்கள் கிக்கின் சுருதியைப் பாட்டின் ஆதார சுருதியோடு சேர்த்துவிட வேண்டும். மேற்சுரங்கள் வலுத்த பிறகு சுருதிப் பிசகு வெளிப்படையாகக் கேட்கும்.

ஐந்தாம் படி: மற்றக் குரல்களும் கையின் அழுத்தமும்

ஸ்னேருக்கு டியூப் ஸ்க்ரீமரோ எஸ்டி-1ஓ நன்றாகப் பொருந்தும். ஸ்னேரின் உயிர் நடுச்சுரங்களில் இருப்பதால், கிக்கைக் கெடுத்த அதே குணம் இங்கே நன்மையாகிறது. ஹை-ஹேட்டைத் தூய்மையாகவே விடுங்கள். இரைச்சலை உடைத்தால் இன்னும் இரைச்சல்தான் கிடைக்கும், வேறுபாடு குறைவு, காது வலி மிச்சம்.

பறை, உறுமி, தவில் போன்ற தோற்கருவிப் பதிவுகளைப் பேடில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைந்த டிரைவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவற்றில் இயல்பாகவே மேற்சுரங்கள் செறிந்திருக்கின்றன. பெடல் அவற்றைக் கூட்டும்போது தோலின் அடையாளமே அழிந்து, எந்தக் கருவி என்று தெரியாத ஓசை எஞ்சுகிறது. தோலக்கின் இடப்பக்க ஒலியும் தபலாவின் டக்காவும் விதிவிலக்கு: அவற்றின் கும்கி எனப்படும் ஆழ்ந்த ஒலி சிறு ஸ்பீக்கரில் கேட்காமல் போவதால், கிக்கைப் போலவே சற்று உடைத்த ஒலியைப் பக்கத்தில் சேர்க்கலாம்.

டிரம் மெஷினைவிடப் பேடுக்குக் கிடைக்கும் ஒரு பெரிய வாய்ப்பை இங்கே சொல்ல வேண்டும். பேட் கையின் அழுத்தத்தை உணர்கிறது. டிரைவை மிகுதியாக வைத்தால் மென்மையான அடியும் வன்மையான அடியும் ஒரே உரப்பில் வெளிவந்து, வாசிப்பின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். மாறாக, சாதாரண அடிகள் வெட்டும் எல்லைக்குச் சற்றே கீழே நின்று, அழுத்தி அடிக்கும்போது மட்டும் எல்லையைத் தாண்டுமாறு பேடின் ஒலி அளவை அமைத்தால், அழுத்தம் உரப்பாக மட்டுமல்லாமல் குரலின் நிறமாகவும் மாறும். படுகர் ஊர்களின் ஆட்டப் பாடல்களைப் போல ஒரே நடை நெடுநேரம் சுழன்று வரும் இசையில், சமத்தில், அதாவது தாளச் சுற்றின் தொடக்கத்தில், விழும் அடி மட்டும் சற்றே கரகரத்து வருவது ஆடுகிறவரின் காலுக்கு நல்ல பிடிமானம். இந்த அமைப்பைக் கண்டுபிடிக்க அவசரப்படாதீர்கள். குமிழை ஒரு மயிரிழை நகர்த்தி, பத்து நிமிடம் வாசித்துப் பார்த்து, மறுபடி நகர்த்துங்கள்.

ஆறாம் படி: இணையாகக் கலத்தல்

கிக்கை மிக்ஸரின் முதல் சேனலில் தூய்மையாகச் செருகுங்கள். அந்தச் சேனலின் துணை அனுப்பு வெளியேற்றத்தைப் பெடலின் நுழைவுக்கும், பெடலின் வெளியேற்றத்தை இரண்டாம் சேனலுக்கும் இணையுங்கள். இப்போது முதல் சேனலில் தூய கிக்கும் இரண்டாம் சேனலில் உடைத்த கிக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டில் இருக்கும். இரண்டாம் சேனலின் துணை அனுப்புக் குமிழ் பூஜ்யத்திலேயே இருக்க வேண்டும். தவறித் திருப்பினால் பெடலின் ஒலி பெடலுக்கே திரும்பிப் போய்ச் சுழன்று, பெரும் ஊளை எழும். அந்தக் குமிழின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள்.

முதலில் தூய கிக்கை வேண்டிய உரப்பில் நிறுத்துங்கள். இரண்டாம் சேனலை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். உடைந்த ஒலி தனியாகக் காதில் படும் கணத்தில் நிறுத்தி, அதிலிருந்து சற்றே இறக்குங்கள். பின்னர் இரண்டாம் சேனலை முற்றாக அணைத்துப் பாருங்கள்: கிக் சுருங்கிப்போனதுபோல் தோன்றினால் அளவு சரியாக அமைந்திருக்கிறது.

சில பெடல்கள் அலையைத் தலைகீழாக்கி வெளியே விடுகின்றன. அப்போது இரண்டு சேனலையும் சேர்த்தவுடன் அடித்தளம் கூடுவதற்குப் பதிலாகக் குறையும். மிக்ஸரில் முனைமாற்றுப் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். சிறிய மிக்ஸர்களில் அது இருப்பதில்லை. அங்கே இரண்டாம் சேனலின் லோ குமிழை முழுவதும் குறைத்துவிட்டால், அடித்தளத்தைத் தூய ஒலியும் மேற்சுரங்களைப் பெடல் ஒலியுமாகப் பங்கிட்டுக்கொள்ளும், மோதல் பெருமளவு தீரும். முனை சரியாக இருக்கும்போதும் நான் இப்படிக் குறைத்தே வைக்கப் பரிந்துரைக்கிறேன்.

மிக்ஸர் இல்லாமல் கணினியின் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக இதைச் செய்பவர்கள் தாமதத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பெடலுக்குப் போய்த் திரும்பும் ஒலி 5 மில்லிவிநாடி தாமதித்தாலே, தூய ஒலியோடு கலக்கும்போது 100 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். அது கிக்கின் நடு உடம்பு. எனவே நேரடியாகக் கலக்காமல், திரும்பிய ஒலியைத் தனித் தடத்தில் பதிந்து, அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்து, தொடக்கங்கள் ஒன்றும்படி நகர்த்திய பிறகு கலக்குங்கள்.

ரிவர்பும், ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைக்கும் டிலேயும் பெடலுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் வைத்தால் அவற்றின் மெல்லிய வாலையும் பெடல் தூக்கி நிறுத்திவிடும். அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை எங்கே வைப்பது என்பது நோக்கத்தைப் பொறுத்தது: முன்னால் வைத்தால் எதை உடைப்பது என்பதையும், பின்னால் வைத்தால் உடைந்ததில் எதைக் கேட்பது என்பதையும் அது தீர்மானிக்கிறது.

மலையின் குளிரும் ஈரமும் மின்சாரமும்

கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமும் வாரக்கணக்கில் வீட்டுக்குள் ஈரத்தை நிறைத்து வைக்கின்றன. பெடலின் குமிழ்கள் திருப்பும்போது கரகரப்பதும், கேபிள் துளைகளில் ஒலி விட்டுவிட்டு வருவதும் பெரும்பாலும் அதனால்தான். பயன்படுத்தாத நாட்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது குமிழ்களை முழுவதும் திருப்பி, துளைகளில் கேபிளைச் செருகி எடுங்கள்.

உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும் அளவுக்குக் குளிர் இறங்குகிறது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள பழைய பாணி ஃபஸ் பெடல்களின் குரல் வெப்பநிலையோடு மாறும் இயல்புடையது. மதியம் வைத்த அமைப்பு நள்ளிரவில் அதேபோல் ஒலிக்காது. மலையில் இருப்பவர்களுக்கு சிலிக்கன் வகையே நம்பகமானது. குளிர்ந்த கருவியோடு மேட்டுப்பாளையத்துக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்கிப் போனால், அங்குள்ள வெதுவெதுப்பான ஈரக்காற்று கருவியின்மேல் நீராகப் படியும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டு, பிறகு மின்சாரம் கொடுங்கள்.

பெடல் பலவீனமான ஒலியைப் பெருக்குவது என்பதால் மின்னிணைப்பின் ரீங்காரத்தையும் சேர்த்தே பெருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கிக்கின் அடித்தளமும் அங்கேயே இருப்பதால் அந்த ரீங்காரத்தை ஈக்வலைசரால் நீக்கினால் கிக்கும் சேர்ந்து போய்விடும். எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்த் துளையிலிருந்து வரும் ஒரே பலகையில் செருகினால் பெரும்பாலும் தீரும். ரீங்காரத்தைப் போக்குவதற்காக எர்த் முள்ளை உடைப்பது உயிருக்கு ஆபத்தானது. அதை ஒருபோதும் செய்யக்கூடாது. மின்வெட்டின்போது மலிவான இன்வெர்ட்டரின் மின்சாரம் பெடலில் சரசரப்பை உண்டாக்கினால், பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டலாம். டிஎஸ்-1 போன்றவை மிகச் சில மில்லியாம்பியரே எடுப்பவை. பேட்டரியில் ஓட்டும்போது நுழைவுத் துளையில் மோனோ பிளக்கையே செருக வேண்டும். பல பெடல்களில் அந்தப் பிளக்தான் பேட்டரியை இணைக்கும் சுவிட்ச். ஸ்டீரியோ பிளக்கைச் செருகினால் பெடல் உயிர்பெறாது. வாசித்து முடித்ததும் பிளக்கைக் கழற்றாவிட்டால் பேட்டரி தீர்ந்துபோகும்.

மேடைக்குப் போகும்போது

வெட்டப்பட்ட ஒலி சராசரியில் கனமானது என்பதால் ஸ்பீக்கரில் உயர் அதிர்வெண்களைத் தரும் ட்வீட்டரை எளிதில் சுட்டுவிடும். பெடலை உடைய விடலாம், மிக்ஸரின் நுழைவைக்கூடச் சற்று உடைய விடலாம், ஆனால் பவர் ஆம்ப்ளிஃபயரை உடைய விடக்கூடாது. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் தூய கிக்கையும் உடைத்த கிக்கையும் இரண்டு தனி லைன்களாகக் கொடுத்து, இரண்டாவது லைன் வேண்டுமென்றே கரகரப்பதாக முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கேபிள் பழுது என்று எண்ணி அவர் அதை மூடிவிடுவது இயல்பு. மைதானத்தின் பெரிய ஸ்பீக்கர்களில் அடித்தளம் நன்றாகவே ஒலிக்குமாதலால், வீட்டில் வைத்ததைவிட இரண்டாவது லைனைக் குறைத்து வைக்கச் சொல்லி, ஒலிச் சோதனையின்போது யாரையாவது பேடை அடிக்கவிட்டு நீங்கள் கூட்டம் நிற்கும் இடத்துக்குப் போய்க் கேட்டு, அங்கிருந்தே அளவைச் சொல்லுங்கள்.